ஓடக்காரன் ஆதன் பொருட்டு எழுந்த பேணற்படி ஆணை

மழை பொய்யாது பெய்க. ஏரிகள் கரைக்குள் அடங்கி நிறைக. மேல்கரை நாட்டு ஊர்கள் நாற்பத்திரண்டும் நோயின்றி வாழ்க.

வெள்ளிலை ஆற்றின் இருகரையும் ஆளும் ஆழிமணவூர் அரியணையை, இளவரசர் முடிசூடும் பருவம் எய்தும்வரை காத்து நிற்கும் பெருந்தேவி ஒளிவளை நாச்சியார், மேல்கரை நாட்டு அதிகாரியும் கரைகாவல் தலைவருமான அரையர் இளங்கடம்பருக்கு விடுக்கும் திருமுகம். நீவிரும் உம் இல்லத்தாரும் நலமே இருக்க. யாம் உடல்நலத்தோடு இருக்கிறோம். உள்ளம் அவ்வாறு இல்லை என்பதை மறையாது எழுதுகிறோம்.

ஐப்பசிப் பெருமழையில் பேரிணை ஏரியின் கரை உடைந்தபோது, வீட்டுக்கு ஓர் ஆள் மண் சுமக்க வரவேண்டும், எவ்வீட்டுக்கும் விலக்கில்லை என்று ஆணையிட்டோம். அதில் இருந்தது எம் முத்திரை. நீவிர் அதை நிறைவேற்றினீர். பதினாறாம் நாள் உடைப்பு அடைபட்டது என்றும், முப்பது ஊர்கள் பிழைத்தன என்றும், ஓடக்காரன் ஒருவன் மட்டும் இருமுறை தப்பியோடிப் பிடிபட்டதால் காலில் கயிறிட்டு வேலை வாங்கினோம் என்றும் உம் ஓலை வந்தது. அவ்வரியைக் கேட்டு அவையில் பலர் நகைத்தனர், யாமும் நகைத்தோம். அந்த நகைப்பு இன்றளவும் எம் செவியை விட்டு அகலவில்லை.

அவன் பெயர் ஆதன்; புன்னைத்துறையில் இருப்பவன். அவன் மனைவி மருதி பிள்ளைப்பேற்றில் பிள்ளையை இழந்து, கைகால் அசையாமல் படுக்கையில் விழுந்தவள். அன்றே அவன் ஓடத்தை விற்றான். ஒன்பது ஆண்டுகள் அவளுக்கு ஊட்டுவதும், உடல் துடைப்பதும், முதுகில் புண் காணாதபடி பொழுதுக்குப் பலமுறை புரட்டிப் படுக்கவைப்பதுமே அவன் தொழிலாயின. இடையிடையே வலை முடைந்தும், அயலார் கொடுத்ததைக் கொண்டும் இருவரும் உண்டனர்.

உம் ஏவலர் வந்த அன்று அவன் அவர்கள் காலில் விழுந்து, "நான் வந்துட்டா அவளைத் திருப்பிப் போட ஆளில்லைங்க" என்று அழுதிருக்கிறான். ஏவலர் தலைவன், "பெண்டாட்டியைப் பாக்கறதெல்லாம் ஒரு வேலையாடா?" என்று கேட்டு இழுத்துச் சென்றிருக்கிறான். மருதியைத் தான் பார்த்துக்கொள்வதாக அயல்வீட்டு நக்கண்ணை வாக்களித்தாள். ஆனால் அவள் கணவன் ஐந்தாம் நாள் காய்ச்சலில் விழ, வீட்டுக்கு ஓர் ஆள் என்ற ஆணைப்படி அவனுக்கு ஈடாக அவளையும் ஏரிக்குக் கொண்டுபோயினர். மண்கூடையோடு அவளைக் கரையில் கண்ட அன்றுதான் ஆதன் முதன்முறை ஓடினான். இரண்டாம் முறை, வெள்ளத்தில் பாதி ஆறு நீந்திக் கடந்தவனைப் படகில் சென்று பிடித்தனர். அங்கிருந்து பார்த்தால் அவன் வீட்டுக் கூரை தெரியும்.

பதினேழாம் நாள் கயிற்றை அவிழ்த்துவிட்டனர். அவன் வீடு சேர்ந்தபோது மருதி உயிரோடு இல்லை. அவளைக் கழுவி உடுத்த வேறு எவரையும் அவன் நெருங்கவிடவில்லை.

இவற்றையெல்லாம், தை மாதம் யாம் புதுக்கரை காண வந்தபோது, எம் பல்லக்கை மறித்து நின்று நக்கண்ணை சொன்னாள். அந்த நண்பகலிலேயே அவ்வீட்டுக்குச் சென்றோம். ஈரத்துணியோடு வெளியே வந்த ஆதன் எம்மை வணங்கி, "கொஞ்சம் மெல்லப் பேசுங்க தாயே, இப்பத்தான் கண்ணசந்தா" என்றான். எம் பரிவாரத்தில் முரசு கொண்டு வந்தவன் தோல் அதிராதபடி இரு கையாலும் அதைப் பொத்திக்கொண்டான். உள்ளே ஒரு பாய் இருந்தது, அதன்மேல் துவைத்து விரித்த துணி இருந்தது, வேறொன்றும் இல்லை. அவன் குனிந்து, அத்துணியின் இருபுறமும் கை கொடுத்து, இல்லாத ஓர் உடலை இடப்புறம் புரட்டினான். சுமையால் அவன் தோள் நரம்பு புடைத்ததை யாம் கண்டோம். பிறகு கஞ்சியை ஊதி ஆற்றிக்கொண்டே, "மறுபடியும் ஆள் கூப்பிட வந்தீங்களா, தாயே?" என்று கேட்டான்.

இல்லை, இனி எவரும் உன்னை அழைக்க வாரார் என்று சொன்னோம். அவன் நம்பவில்லை. கஞ்சிக் கலத்தை வைத்துவிட்டு, வாசலை அடைத்தபடி எழுந்து நின்றான்.

ஆதலின் அரையரே, இதனை ஆணையாகக் கொள்க. நோயுற்றாரையும் உறுப்பிழந்தாரையும் நினைவு தப்பினாரையும் வீட்டில் வைத்துப் பேணுவதால் வேறு தொழிலுக்குப் போக இயலாதவர் எவராயினும், அவர் கரைகாக்கும் வீரரோடு ஒத்த அரசுப் பணியாளரே. வீரருக்கு அளக்கும் நெல்லும் துணியும் பேணற்படி என்ற பெயரால் அவருக்கும் அளக்கப்படுக. அவர் வீட்டை விட்டு அகல முடியாதவர் என்பதால் நெல்லே வாசல் தேடிச் செல்க. மண்வேலைக்கும் போருக்கும் அவரை அழைக்கலாகாது. திங்களில் நான்கு நாளேனும் அவர் வெளியே சென்று வர, ஊர்தோறும் மாற்றாள் ஒருவரை அரசுச் செலவில் அமர்த்துக.

உற்றாரைப் பேணுவதற்கும் படி கொடுத்தால் அன்புக்கு விலை வைத்ததாகும் என்று அவையில் ஒருவர் சொன்னார். புன்னைத்துறைக்கு ஒருமுறை சென்று வாரும் என்று மட்டும் விடை சொன்னோம்.

இன்னார் தகுதி உடையவர் என்பதை ஊர்ச்சொல் கேட்டு நீவிர் முடிவு செய்ய வேண்டா. அவ்வவ் வீட்டில் விடியல் முதல் விளக்கேற்றும்வரை ஒருநாள் முழுதும் நீவிரே அமர்ந்து பார்த்தபின் எழுதுக. உம்மைத் தண்டிக்கவில்லை; பிழை எம் ஆணையினது. உம் ஏவலர் தலைவன் மட்டும் ஆதன் கண்ணில் படலாகாது.

முதல் படி ஆதன் வீட்டுக்குச் செல்க. அவ்வீட்டில் நோயாளி எங்கே என்று களஞ்சியத்தார் கேட்பாராயின் இவ்வோலையைக் காட்டுக. போதும் என்று அவனே சொல்லும் நாள்வரை நிறுத்தற்க. இருவருக்கு அளக்க.

எம் வாய்மொழி கேட்டு எழுதியவன் ஓலைநாயகம் நெடுங்கண்ணன். எம் கைம்மோதிரம் அழுத்திய அரக்கு இதனொடு உளது. ஏரியில் நீர் நிற்கும் நாளெல்லாம் இவ்வாணை நிற்க.