ஏழால் பெருக்கிய எண்

1936, தை, வெள்ளிக்கிழமை

என் தங்கை சரோஜாவின் படிப்பில் மண்ணைப் போட்டவர் அப்பாதான்.

இன்று அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். "அம்மணிக்குக் கணக்கு வருமுங்களா?" என்று மாப்பிள்ளையின் தாயார் விளையாட்டாகக் கேட்டார். சரோஜா சிலேட்டில் 142857 என்று எழுதினாள். இரண்டால் பெருக்கினாள், 285714. மூன்றால் பெருக்கினாள், 428571. ஆறுவரை அதே இலக்கங்கள்தான் இடம் மாறி வந்தன.

"இதென்னுங்க, குடைராட்டினமாட்டச் சுத்துது!" என்று மாப்பிள்ளையின் மாமா சிரித்தார்.

அந்த உற்சாகத்தில் சரோஜா வீட்டுத் தெலுங்கில் "ஏடு" என்று சொல்லிப் பெருக்கி, 999999 என்று எழுதினாள். ஏடு என்றால் ஏழு. தெலுங்கில் 'அழு' என்பதற்கும் அதே சொல்தான். நெல் அளக்கும்போதுகூட, மாப்பிள்ளை வீட்டார் உட்பட, தெலுங்கு பேசும் எங்கள் ஆட்கள் அதைச் சொல்லாமல் "ஆறும் ஒண்ணும்" என்பார்கள்.

"நல்ல காரியத்துக்கு வந்த எடத்துல அழச் சொல்றாளுங்க!" என்று தாயார் எழுந்துவிட்டார். அந்த எண்ணை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அவர்கள் போனதும் அப்பா அவளுடைய கணக்கு நோட்டுகளை அடுப்பில் போட்டார். "பள்ளிக்கூடம் போனது போதும்" என்றார். எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சைக்கு இரண்டே மாதம் இருக்கிறது.

"பரீட்சையை மட்டுமாவது எழுத உடுங்கப்பா" என்றேன்.

அப்பா வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார்.