நான்கு நாள் போடாத மாத்திரை

கடலூர், புதுப்பாளையம்
4.4.2011

அன்பு மகள் அனுப்பிரியாவுக்கு அம்மா எழுதுவது. மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். இங்கே அப்பா நலம். நானும் நலம் என்றுதான் பேனா தானாக எழுதப் பார்க்கிறது. போனில் அந்தப் பொய்யைச் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டது, எழுத்தில் வேண்டாம். ஒரு விஷயத்தை உன்னிடம் மறைத்துவிட்டேன். போனில் சொன்னால் நீ அழுவாய், நீ அழுதால் நான் பாதியிலேயே பேச்சை மாற்றிவிடுவேன். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். வரும் வியாழக்கிழமை எனக்கு ஆபரேஷன் என்பது உனக்குத் தெரியும். அது ஏன் மார்ச்சிலேயே நடக்கவில்லை என்பதுதான் தெரியாது. டாக்டர் லீவில் போய்விட்டார் என்று சொன்னேனே, அது பொய். டாக்டரம்மா ஒரு நாள்கூட லீவு போடவில்லை. தப்பு என்னுடையது.

ஜனவரி இருபதாம் தேதி சிதம்பரம் ஆஸ்பத்திரியில் மார்பில் இருக்கும் கட்டியை எடுத்துவிடுவார்கள் என்றுதான் நீ ஆபீசில் கெஞ்சி இரண்டு வாரம் லீவு வாங்கிக்கொண்டு ஓடி வந்தாய். மயக்கம் கொடுப்பதற்கு முன்னால் இருதயத்தைப் பார்க்க வேண்டும் என்று ஈசிஜி எடுத்ததில் கோளாறு தெரிந்து, பாண்டிக்குப் போய் ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கிறது என்று ஸ்டென்ட் வைத்ததெல்லாம் உன் கண் முன்னால் நடந்ததுதான். சிதம்பரத்துக்குத் திரும்பி வந்ததும் டாக்டர் ராமாமிர்தம் அம்மா சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கும். "ஆறு வாரம் பொறுத்துக்கோங்கம்மா. கட்டி வளராம இருக்க மாத்திரை தர்றேன், அது காத்திருக்கும். இப்ப மேசையில படுக்க வெச்சா உங்க இருதயம் காத்திருக்காது" என்றார்கள். நீ தலையாட்டினாய், அப்பா தலையாட்டினார், நானும் ஆட்டினேன். ஆனால் எனக்குள்ளே அது இறங்கவே இல்லை அனு. உடம்புக்குள் புற்று இருக்கிறது என்று தெரிந்த பிறகு ஆறு வாரம் சும்மா இரு என்றால் எப்படி இருக்க முடியும். நீ ஊருக்குப் போன மறுநாளிலிருந்து குளிக்கும்போதெல்லாம் கையை வைத்துப் பார்க்க ஆரம்பித்தேன். முதல் வாரம் சுண்டைக்காய் அளவு தெரிந்தது. அடுத்த வாரம் நெல்லிக்காய் போல இருந்தது. பிப்ரவரி பாதியில் எலுமிச்சம்பழம் வந்துவிட்டது என்றே முடிவு கட்டிவிட்டேன். பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்துக்கொண்டு நிற்பேன், பாதியில் அடுத்த எண் மறந்துபோகும், கை தானாகப் புடவைக்குள், அக்குள் பக்கம் கட்டி இருக்கும் இடத்துக்குப் போகும். தேவனாம்பட்டினத்திலிருந்து வரும் ஒரு சின்னப் பெண், டீச்சருக்கு அங்க வலிக்குதா என்று கேட்டுவிட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் மருந்துக்கடையில் ஒரு அம்மாள் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரை உள்ளே ஓடுகிற வரைக்கும் எந்த டாக்டரும் கத்தி வைக்க மாட்டார்கள், ரத்தம் நிற்காது என்று. எனக்கு என்ன தோன்றியது தெரியுமா. அப்படியென்றால் கட்டியை எடுக்கவிடாமல் தடுப்பது இந்த மாத்திரைதான், இதை விட்டுவிட்டால் ரத்தம் பழையபடி ஆகிவிடும், அடுத்த தடவை போகும்போது நான் தயார் என்று டாக்டரம்மாவிடம் சொல்லிவிடலாம். இத்தனை வருஷம் டீச்சராக இருந்தவளுக்கு இந்தப் புத்தி எங்கிருந்து வந்தது என்று இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. பிப்ரவரி பதினான்காம் தேதி திங்கட்கிழமை ராத்திரியிலிருந்து அந்த ஒரு மாத்திரையை மட்டும் போடவில்லை. அப்பா தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பார், மற்றதை விழுங்கிவிட்டு அதை விரலிடுக்கில் வைத்துக்கொள்வேன். அப்புறம் நீ போன் பண்ணி மாத்திரை போட்டியாம்மா என்பாய். போட்டேன் கண்ணு என்பேன்.

பிப்ரவரி பதினெட்டாம் தேதி வெள்ளிக்கிழமை செக்கப்புக்காக அப்பாவும் நானும் சிதம்பரம் பஸ் ஏறினோம். அப்பாவோடு டிப்போவில் வேலை பார்த்த ஆண்டி அண்ணன்தான் டிரைவர், அதனால் முன் சீட்டு கிடைத்தது. ஆலப்பாக்கம் தாண்டும்போது நெஞ்சு நடுவில் யாரோ முழங்காலை வைத்து அழுத்துவதுபோல ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் இடது தாடை வரைக்கும் ஏறி, ரவிக்கையெல்லாம் வேர்வையில் நனைந்துவிட்டது. அப்பா என் முகத்தைப் பார்த்தார், எழுந்து போய் ஆண்டி அண்ணன் தோளில் கை வைத்து, "நிறுத்தாம போ ஆண்டி, டீச்சருக்கு நெஞ்சு வலி" என்றார். ஆண்டி அண்ணன் திரும்பிப் பார்க்காமலே உரக்கச் சொன்னார், "வழியில எறங்கறவுங்க மன்னிச்சுக்கணும். வண்டி நேரா அண்ணாமலை நகர் ஆஸ்பத்திரிக்குப் போவுது." அறுபது பேர் இருந்திருப்பார்கள். புதுச்சத்திரத்தில் இறங்க வேண்டியவர்கள் மூட்டையோடு படிக்கட்டுப் பக்கம் நின்றுகொண்டிருந்தார்கள், அதை அப்படியே கீழே இறக்கிவைத்தார்கள். பின் சீட்டிலிருந்து ஒரு பெண் வந்து என் தலையை மடியில் வாங்கிக்கொண்டு முந்தானையால் விசிறிக்கொண்டே வந்தாள். அவள் பெயர்கூடத் தெரியாது. நான் அவள் மடியில் கிடந்தபடி, இது நான் செய்துகொண்ட வேலை, இவர்களுக்கெல்லாம் என்னால் தாமதம் என்று அதையேதான் நினைத்துக்கொண்டு போனேன்.

ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து ஒயரெல்லாம் ஒட்டிக்கொண்டே, மாத்திரை ஒழுங்காகப் போடுகிறார்களா என்று அந்தச் சின்ன டாக்டர் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா, "ஒருவேளைகூடத் தவறல டாக்டர், நானே கையில குடுக்கறேன்" என்றார். அவ்வளவு நிச்சயமாகச் சொன்னார். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. "போடல. நாலு நாளா போடல" என்று சொல்லிவிட்டேன். அப்பா என்னைப் பார்த்த பார்வையை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. கோபமாக இருந்திருந்தால் பரவாயில்லை. ஸ்டென்ட் வைத்த இடத்தில் ரத்தம் உறைய ஆரம்பித்துவிட்டது என்றார்கள். ஊசி போட்டு, ஆம்புலன்ஸில் ஏற்றிப் பாண்டிக்கு அனுப்பி, மறுபடி குழாய் விட்டுச் சரிசெய்தார்கள். இன்னும் அரை மணி போயிருந்தால் ஒன்றும் செய்திருக்க முடியாதாம். அங்கே படுத்திருந்த ஐந்து நாளும்தான் உன்னிடம், கீரப்பாளையத்தில் மங்கலம் சித்தி வீட்டில் இருக்கிறோம், அங்கே சிக்னல் கிடைப்பதில்லை என்று அப்பாவைச் சொல்லவைத்தேன். அவர் மேல் வருத்தப்படாதே. அவருக்குப் பொய் சொல்ல வராது, போனை வைத்ததும் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

அந்த நாட்களில் அப்பா என்னோடு பேசவே இல்லை. கஞ்சி கொடுப்பார், போர்வையை இழுத்துவிடுவார், ஜன்னல் பக்கம் போய் நின்றுகொள்வார். வீட்டுக்கு வருவதற்கு முதல் நாள்தான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "நீ பயந்தது தப்பில்ல ஜோதி. என்கிட்ட சொல்லியிருந்தா நானும் கூட உக்காந்து பயந்திருப்பேன் இல்ல" என்றார். முப்பத்தோரு வருஷத்தில் நான் அன்றைக்கு அழுததுபோல அவர் முன்னால் அழுததில்லை.

என் அவசரத்தால் ஆபரேஷன் சீக்கிரம் நடப்பதற்குப் பதில் ஒரு மாதம் தள்ளிப்போனதுதான் மிச்சம். டாக்டரம்மா திட்டுவார்கள் என்று நடுங்கிக்கொண்டு போனேன். திட்டவில்லை, ஸ்கேன் எடுத்து அளவைக் காட்டினார்கள். ஜனவரியில் இருந்ததைவிடக் கட்டி கொஞ்சம் சுருங்கித்தான் இருந்தது. நெல்லிக்காயும் எலுமிச்சம்பழமும் என் விரலுக்குத்தான் தெரிந்திருக்கிறது. இப்போது ஆபரேஷனுக்காக அதே மாத்திரையைப் போன சனிக்கிழமையிலிருந்து நிறுத்தச் சொல்லியிருக்கிறார்கள், ரத்தம் உறையாமலிருக்கத் தரும் இரண்டு மாத்திரையில் இது ஒன்றை மட்டும், அவர்கள் கண்காணிப்பில். முன்பு திருட்டுத்தனமாக நிறுத்தினவளுக்கு இப்போது டாக்டரே சொல்லியும் அதைப் போடாமல் இருக்கப் பயமாக இருக்கிறது. நேற்று ராத்திரி இரண்டு தரம் அப்பாவை எழுப்பிப் பயமாக இருக்கிறது என்று சொன்னேன். எழுந்து உட்கார்ந்துகொண்டார். தெருவில் பகலெல்லாம் தேர்தல் ஆட்டோக்களின் சத்தம், காதைப் பொத்திக்கொண்டு இதை எழுதுகிறேன்.

இது உன் கைக்கு வரும்போது வியாழக்கிழமை முடிந்திருக்கும். எப்படி முடிந்தாலும் நான் ஏமாற்றிவிட்டுப் போனதாக நீ நினைக்கக்கூடாது என்றுதான் எழுதினேன். மறுபடி லீவு கேட்டுப் பாஸ்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு வராதே, ரேடியேஷன் சமயத்தில்தான் நீ எனக்கு வேண்டும். மாப்பிள்ளைக்கு எண்ணெய்ப் பலகாரம் ஜாஸ்தி கொடுக்காதே. இன்னொன்று, அம்மா சொல்கிறாளே என்று கூச்சப்படாதே. மாதம் ஒருநாள் குளிக்கும்போது நீயும் கையை வைத்துப் பார்த்துக்கொள், ஏதாவது தட்டுப்பட்டால் அன்றைக்கே டாக்டரிடம் போ. நான் எட்டு மாதம் வெட்கப்பட்டுக்கொண்டு யாரிடமும் காட்டாமல் இருந்தேன். நீ எட்டு நாள்கூட இருக்கக்கூடாது. நீங்கள் இருவரும் நிறைந்த ஆயுளோடு, எங்கள் கண் நிறைய வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும் அம்மா
பொ. ஜோதிலட்சுமி

அனு, இது அப்பா. ஆபரேஷன் முடியட்டும் என்று இதைத் தபாலில் போடாமல் வைத்திருந்தேன். வியாழன் முடிந்ததும் போனில் நல்லபடி முடிந்தது என்று மட்டும் சொன்னேன், மீதி இது. காலை ஒன்பதரைக்கு உள்ளே கொண்டுபோனார்கள், ஒன்றே முக்காலுக்கு வெளியே வந்தாள். நடுவில் ஒரு தடவை பிரஷர் இறங்கியிருக்கிறது, சமாளித்துவிட்டார்கள். இருதயம் தாங்கிவிட்டது. நிறுத்திய மாத்திரையை நேற்று மறுபடி ஆரம்பித்தார்கள், அவளே கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டாள். கட்டியையும் அக்குளில் எடுத்ததையும் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். ரிசல்ட் வரப் பத்து நாள் ஆகுமாம். இந்தத் தடவை இரண்டு பேரும் சேர்ந்து காத்திருக்கிறோம்.

அப்பா
பொன்னுரங்கம்
9.4.2011