என் மகளுக்கு அக்கா கொடுத்த பால்

என் தங்க அம்மாவுக்கு, இந்த ஒரு கடிதத்திலாவது நீ எனக்கு மட்டும் அம்மாவாக இரு.

உனக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போக நீ இல்லை. வடமாலபேட்டையில் அக்கா வீட்டுக்குத்தான் வந்தேன். அவளுடைய இரண்டு பிரசவத்துக்கும் நீ இருந்தாய், வெந்நீர் ஊற்றினாய், பூண்டுக் குழம்பு வைத்தாய். என் முறை வருவதற்குள் உனக்கு என்ன அவசரம்?

போன வாரம் என் இடது மார்பில் பால் கட்டிக்கொண்டது. கல்லாக இறுகி, சிவந்து, குளிர்க்காய்ச்சல் வந்துவிட்டது. "காய்ச்சல் பால் கொயந்தைக்கு ஆவாது. அம்மா எனக்கு அப்படித்தான் சொல்லிக்கினு இருந்திச்சி" என்று, பால் வற்றுவதற்காக அக்கா என் மார்பில் மல்லிகைப் பூவை வைத்துக் கட்டினாள். தன் சின்னவனுக்குக் கொடுக்கும் பாலை என் மகளுக்கும் கொடுத்தாள்.

என் மகள் கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள் அம்மா. எனக்கு வயிறு எரிந்தது. உன்னை எடுத்துக்கொண்டாள், சரி. என் மகளையுமா?

வலி பொறுக்க முடியாமல் மறுநாள் திருப்பதிக்குப் போனோம். "பாலு எவரம்மா ஆபமன்னாரு?" என்று, பாலை நிறுத்தச் சொன்னது யாரென்று டாக்டரம்மா கோபித்துக்கொண்டார். காய்ச்சலிலும் இந்தப் பால் நல்லதுதானாம். குடிக்க விடாததால்தான் கட்டு முற்றியதாம். பூவை எடுக்கச் சொல்லி, மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

"அம்மா சொன்னதத்தானே செஞ்சேன். தப்புன்னு எனக்கு இன்னா தெரியும்?" என்று அக்கா அழுதாள். நான் இரக்கப்பட்டிருக்க வேண்டும். உன் தப்பான வைத்தியத்தைக்கூட அவளிடம்தானே விட்டுப் போயிருக்கிறாய் என்று பொறாமைதான் வந்தது. எனக்கென்று ஒரு தப்பாவது சொல்லியிருக்கக் கூடாதா?

வீட்டுக்கு வந்து மகளை மார்பில் போட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். இனி என்னிடம் வரவே மாட்டாளோ என்று பயந்துவிட்டேன். "நான் இங்க கீறவரைக்கும் உன்கிட்ட குடிக்காது. என் வாசனை அதுக்குத் தெரியும்" என்று அக்கா தானாகவே எழுந்து வெளியே போய்க் கதவைச் சாத்தினாள். மகள் அழுது அழுது, கடைசியில் மார்பைப் பிடித்துக்கொண்டாள். உயிர் போகிற வலி. நான் விடவில்லை.

"குடிக்குதாடி?" என்று வெளியிலிருந்து அக்கா கேட்டாள். பதில் சொல்லாமல் கொஞ்ச நேரம் அவளைக் காக்க வைத்தேன். அதில் ஒரு சந்தோஷம்.

காய்ச்சலானாலும் பால் கொடுக்கலாம் என்று என் மகளுக்குச் சொல்லி வளர்ப்பேன் அம்மா. அக்காவின் மூத்த பெண்ணுக்கும் சொல்வேன், சத்தியம். ஆனால் என் மகளுக்குச் சொன்ன பிறகுதான்.

நீ பிரசவம் பார்க்காமல் போன
உன் சின்னப் பெண்