மலையை நோக்கி நின்றதும் நடையெனப் பதியப்பட்டது குறித்து

அனுப்புநர்:
கோ. பாஞ்சாலை (வயது 58),
க/பெ. கோதண்டராமன்,
மேற்குத் தெரு, அடி அண்ணாமலை,
திருவண்ணாமலை.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
ஆட்சியர் அலுவலகம், திருவண்ணாமலை.

பொருள்: கணவரின் இடுப்பு ரத்தக்குழாய்ச் சுருக்கத்துக்கான ஸ்டென்ட் சிகிச்சை காப்பீட்டில் மறுக்கப்பட்டமை – மறுபரிசோதனை கோருதல் – தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

1. நான் பள்ளி சென்றவளல்லேன். நானாகவே எழுத்துக் கற்றவள். இம்மனுவை எவரிடமும் எழுதி வாங்காமல் என் கையாலேயே வரைந்துள்ளேன்.

2. என் கணவருக்கு (வயது 63) முந்நூறு தப்படி நடந்தால் இடது பிட்டமும் தொடையும் பிடித்துக்கொள்கின்றன, நின்றால் விட்டுவிடுகின்றன. இடுப்பு வழியே காலுக்கு இறங்கும் ரத்தக்குழாய் சுருங்கியிருப்பது ஸ்கேனில் தெரிந்தது. பலூன் செலுத்தி விரித்து, ஸ்டென்ட் பொருத்த வேண்டுமென மருத்துவர் கூறினார். பீடியை விட்டு, ஏழு மாதம் மாத்திரை உண்டும் குணமில்லை.

3. காப்பீட்டு நிறுவனத்தின் மருத்துவர், "எவ்ளோ தூரம் நடப்பீங்க?" என வினவினார். "மாசாமாசம் மலை சுத்துறேங்க. பதினாலு கிலோமீட்டர்" என்றார் இவர். "அப்ப என்னைவிட நீங்கதான் கெட்டி" எனச் சிரித்து, அவர் அவ்வாறே பதிந்துகொண்டார். சிகிச்சை அவசியமற்றதெனக் கடிதம் வந்தது.

4. என் கணவர் கூறியது பொய்யன்று, முழு உண்மையுமன்று. வலி வந்த இடத்திலெல்லாம் மலைப்பக்கம் திரும்பிக் கைகூப்பி நின்றார். வலப்பாதையிலுள்ள லிங்கங்களின் முன் அமர்ந்தார். சாமி கும்பிடுவதை எங்கள் ஊரில் எவரும் ஓய்வென எண்ணுவதில்லை, அவரும் எண்ணவில்லை. நான்கு மணி நேர வலம், ஆவணியில் பதினோரு மணி நேரமாயிற்று.

5. ஐப்பசிப் பௌர்ணமிக்கு நான் தனியே சென்றேன். எப்போதும் என் கணவர் பத்தடி முன்னே போய்த் திரும்பி, "நடைய எட்டிப் போடுடி, பாஞ்சாலை" என்பார். முப்பத்தைந்து ஆண்டுகள் அதற்கு எரிந்து விழுந்தவள், அன்று ஒவ்வொரு திருப்பத்திலும் அக்குரலுக்காகக் காத்து நின்றேன் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

6. அவருடைய கால்விரல்கள் இப்போது சில்லிட்டுள்ளன. புண் வந்தால் ஆறாது, காலையே இழக்க நேரிடும் என மருத்துவர் எச்சரித்துள்ளார்.

ஆகவே, மறுபரிசோதனைக்கு ஆணையிட்டு, சிகிச்சைக்கு அனுமதி கிடைக்க ஆவன செய்யுமாறு வேண்டுகிறேன். அச்சோதனையை மலை தெரியாத ஏதேனுமொரு தாழ்வாரத்தில் நடத்தக் கோருகிறேன். அங்கே அவர் நின்றால், வலியால் மட்டுமே நிற்பார்.

இடம்: அடி அண்ணாமலை
நாள்: 10.11.2025

தங்கள் ஆணையை எதிர்நோக்கும்,
கோ. பாஞ்சாலை
(சொந்தக் கையொப்பம்)