கிணற்றுப் பூட்டும் ஆல்டன் துரையின் குற்ற ஓலையும்

நலம் பெருகுக. கடல் வற்றாமலும் கரை தேயாமலும் விளங்கும் மணற்கோட்டு நாட்டை ஆளும் விசயமாதவ மகாராசரின் திருவுளப்படி, தலைமை அமைச்சர் பொன்னம்பலத்தரையர், முத்தலைத்துறைத் தலைவர் இருளப்பருக்கு விடுக்கும் ஓலை. உமது துறையும் தோணிகளும் குறைவின்றி இருக்கட்டும்.

துறைக் கிணற்றின் பூட்டை உடைத்தவர் என்று நீர் கட்டி அனுப்பிய ஆங்கிலக் கப்பல் கப்பித்தான் ஆல்டன் துரைக்குக் குற்ற ஓலை எழுதும் வேலை, அரண்மனையில் மொழிபெயர்க்கும் துபாஷி சந்தியாகுவிடம் வந்தது. அயலானுக்கு அவன் மொழியிலேயே குற்றம் எழுதவேண்டும். அதில் பிழை இருந்தால் வழக்கு தள்ளுபடி, எழுதியவருக்கு வேலையும் போகும் என்ற நம் வழக்கத்தை நீர் அறிவீர். சந்தியாகுவோ ஆறு பிள்ளைகளுக்குத் தகப்பன்.

நீ உடைத்திருக்கிறாய் என்று நாம் சுலபமாக எழுதிவிடுகிறோம். அவர்கள் மொழியிலோ, ஹேவ் என்று தொடங்கியபின் வினைச்சொல் வேறு வேடம் கட்டுகிறது. ப்ரேக் என்பது ப்ரோக் ஆகுமா, ப்ரோக்கன் ஆகுமா? நட என்னும் வாக் ஒழுங்காக வாக்டு என்று வரும்போது இது மட்டும் ஏன் முரண்டு பிடிக்கிறது? பயம் ஒருபுறம் இருக்க, அறியும் ஆசை அவரைத் தூங்கவிடவில்லை. ஓலையில் கீறியதை அழிக்க வழியில்லை. தலைநகரில் ஆங்கிலம் அறிந்த இன்னொருவர் காவலில் இருக்கும் துரை மட்டுமே. நான்காம் நாள் காலை வெட்கத்தை விட்டு அவரிடமே போய்க் கேட்டார்.

பிழையாகச் சொன்னால் தமக்கு விடுதலை என்பது துரைக்குத் தெரியும். அந்த வழக்கத்தை முதல்நாளே விளக்கியவர் சந்தியாகுதான். ஆயினும், ப்ரோக்கன் என்றே வரும், அதற்கு விதி கேட்கவேண்டாம், தம் தாயாரும் அப்படித்தான் சொல்வார் என்றாராம் துரை. சந்தியாகு வியந்து காரணம் வினவ, உடைத்தது உண்மைதானே, எப்படி எழுதுவது என்று இத்தனை நாள் தவிக்கிறீர்கள், ஏன் உடைத்தேன் என்று ஒருவரும் கேட்கவில்லையே என்றாராம். சந்தியாகு அதையும் கேட்டார். கேட்டதைச் சபையில் வந்து மறைக்காமல் சொன்னார்.

நீர் கிணற்றைப் பூட்டிச் சாவியை மடியில் முடிந்துகொண்டு மைத்துனர் வீட்டுக் கல்யாணத்தில் மூன்று நாள் தங்கியதும், துரையின் கப்பலில் காய்ச்சலில் கிடந்த பதினொரு மாலுமிகள் தண்ணீருக்குத் தவித்ததும் இவ்வாறே தெரியவந்தன. துரையைக் கொண்டுவந்த உமது துறைத் தோணிக்காரர் இருவரும் அதையே சாட்சி சொன்னார்கள். முதல்நாளே கேட்டிருக்கவேண்டிய கேள்வி இது என்று யாமும் சபையிலேயே தலைகுனிந்தோம்.

துரை விடுவிக்கப்பட்டார். சந்தியாகு வேலையில் நிலைத்தார். மகாராசரின் சங்கு முத்திரை இதன்மேல் பதிந்திருக்கிறது. இவ்வோலை கண்ட மூன்றாம் நாள் நீர் சபையில் வந்து நிற்கக் கட்டளை. உமது குற்ற ஓலை தமிழில் எழுதி ஆயிற்று. அதற்கு யாரிடமும் போய்ச் சந்தேகம் கேட்கவேண்டியிருக்கவில்லை.