யாரும் மேற்கோள் காட்டாத கேள்வி

பிப்ரவரி 2, திங்கள்

காலையில் பனி. மலையே தெரியவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் வரை பஸ்ஸில் நின்றபடி.

கண் ஆஸ்பத்திரி ஆராய்ச்சிப் பிரிவில் புது வேலை. இங்குள்ள மூத்த ஆராய்ச்சியாளர் மேடத்தின் பெயரை ஒரு விருதுக்கு அனுப்புகிறார்கள். கருவிழியில் வரும் பூஞ்சைப் புண்ணைப் பற்றியே ஆயுசு முழுக்க ஆராய்ச்சி. ஓய்வு பெற்றும் தினம் வந்து மைக்ராஸ்கோப் முன் உட்காருகிறார். அவர் கட்டுரைகளைத் திரட்டி, எதை எத்தனை பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று பார்த்து, சிறந்த பத்தை நான் தர வேண்டும். சனிக்கிழமைக்குள்.

எரிச்சல்: கட்டுரைகளில் கல்யாணத்துக்கு முன் அப்பா இனிஷியல், பின் வீட்டுக்காரர் இனிஷியல். கம்ப்யூட்டர் கணக்கில் மேடம் இரண்டு ஆள்.

செய்ய: மேற்கோள் எண்ண கம்ப்யூட்டர் ஸ்கிரிப்ட். ரீசார்ஜ். அறுப்பு மெஷின்காரருக்கு போன்.

பிப்ரவரி 3, செவ்வாய்

இரண்டு ஆளும் ஒன்றானார்கள். மேற்கோள் வந்த ஊர்களை உலகப் படத்தில் புள்ளி வைத்தேன். நேபாளம், கானா, பிரேசில், வியட்நாம். எங்கெல்லாம் வயலில் இறங்குகிறார்களோ அங்கெல்லாம் புள்ளி. இந்த ஊரிலிருந்து, ஒரு மைக்ராஸ்கோப்பை வைத்துக்கொண்டு! நான் சும்மா உட்காருகிற ஆள் இல்லை. உட்கார்ந்திருந்தேன். டீ ஆறிவிட்டது.

ஒரு கட்டுரை மட்டும் உதவாது. மிகப் பழையது, இரண்டே பக்கம். கண்புரை ஆபரேஷனுக்குக் கொடுத்த சொட்டு மருந்தில் மிச்சத்தை, வயலில் அடிபட்ட கண்ணில் விட்டுவிடுகிறார்களாம். அதிலுள்ள ஸ்டீராய்டு சிவப்பைக் குறைக்கும், பூஞ்சையை வளர்க்கும். நோயாளி வந்ததும் முதலில் இதைக் கேளுங்கள் என்கிறது. மேற்கோள் ஒற்றை இலக்கம்.

"இது வேஸ்ட், மேடம். எடுத்துர்றேன்."

"எடுத்துரு. எனக்கென்ன?" லென்ஸிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஏம்ப்பா, சாப்பிட்டியா?"

சாயங்காலம் வீடு. அப்பா ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு சாப்பிட்டார். போன வாரம் அறுப்பில் நெல் தெறித்ததாம். இத்தனை நாள் மூச்சு விடவில்லை.

"செவப்புகூட வத்திட்டு, பாரு. அம்புட்டுதான்."

"காலையில ஆஸ்பத்திரிக்கு வாங்க."

"அறுப்பு கெடக்குலே. கம்ப்யூட்டர் தட்டுதவனுக்கு என்ன தெரியும்?"

சண்டை. பாதிச் சோற்றில் எழுந்தேன்.

பிப்ரவரி 4, புதன்

விடியும்போதே அப்பா முனகல். கருவிழியில் வெள்ளையாய் ஒரு புள்ளி. என் பைக்கில் பின்னால் அவர், பின்னாலேயே பஸ்ஸில் அம்மா.

டியூட்டியில் சின்ன வயசு டாக்டர். டார்ச்சை எடுக்கும் முன்பே கேட்டார்: "ஐயா, வீட்ல இருந்த பழைய சொட்டு மருந்து ஏதாவது விட்டீங்களா?"

அப்பா ஃபேனைப் பார்த்தார். "இல்லியே."

அம்மா: "எனக்குப் புரை எடுத்தப்ப குடுத்தாக. மிச்சம் இருந்துச்சு, வீணாப் போகுதேன்னு..."

"ஏட்டி, செத்த வாய மூடுதியா?"

நேற்று நான் எடுத்துப் போட்ட கட்டுரை எதிரே உட்கார்ந்து பேசுகிறது.

புண்ணைச் சுரண்டி ஸ்லைடில் வைத்தார்கள். ஸ்லைடு மேடத்திடம் போனது. மேடம் என்னைக் கூப்பிட்டார். "வா, பாரு." கிளை கிளையாகப் பூஞ்சை நூல். அழகாக இருந்தது. அதுதான் பயம்.

"எங்க அப்பா கண்ணு, மேடம்."

ஸ்டூலை என் பக்கம் இழுத்துப் போட்டார். பிறகு: "பார்வை நிக்கும்னு இப்ப சொல்ல மாட்டேன். அந்தப் பழைய மருந்து இனி கண்ணுப் பக்கமே போகக்கூடாது. மணிக்கொரு தடவ பூஞ்சை மருந்து. அவர் திட்டினாலும் சொட்டு விடு."

திட்டினார்.

பிப்ரவரி 5, வியாழன்

வார்டு. வெயில். பாட்டிலைக் குலுக்கு, சொட்டு விடு, லேப்டாப். மறுபடி குலுக்கு.

டாக்டரிடம் கேட்டேன், அந்தக் கேள்வியை எங்கே படித்தீர்கள் என்று.

"படிக்கிறதா? சீனியர் கேப்பாங்க, நானும் கேக்கேன். எல்லாரும் கேக்கிறதுதானே."

உட்கார்ந்து நூல் பிடித்தேன். அந்த இரண்டு பக்கத்தை ஒரு சிகிச்சைக் கையேடு எடுத்துக்கொண்டிருக்கிறது. கையேட்டிலிருந்து பாடப்புத்தகங்கள். அதோடு மேடம் பெயர் நின்றுவிட்டது. கேள்வி நிற்கவில்லை. ஊர் உலகத்துக்கே தெரிந்த பிறகு யாரும் யாரையும் மேற்கோள் காட்டுவதில்லை. கணக்கில் குறைந்ததற்கு அதுதான் காரணம். என் ஸ்கிரிப்டுக்கு இதை எண்ணத் தெரியாது. எந்த ஸ்கிரிப்டுக்கும் தெரியாது.

மேடத்திடம் போனேன். "அந்தச் சின்னக் கட்டுரைதான் முதல்ல."

"அதுல நம்பர் இல்லியேப்பா. கமிட்டி நம்பர்தான் பாக்கும்."

"பாக்கட்டும். கீழ நான் விளக்கம் எழுதுறேன்."

சிரித்தார். "அப்பாவுக்கு மருந்து நேரம் ஆச்சு, போ."

பிப்ரவரி 7, சனி

பட்டியல் அனுப்பியாயிற்று. அது முதலில். விருது வந்தால் வரட்டும்.

புண்ணின் ஓரம் சுருங்கத் தொடங்கியிருக்கிறதாம். பார்வை எவ்வளவு திரும்பும் என்று டாக்டர் சொல்லவில்லை. நல்ல கண்ணைப் பொத்தி விரலைக் காட்டினேன்.

"ரெண்டு. இல்ல, மூணு. ஆட்டாமக் காட்டுலே."

மூன்றுதான்.

மத்தியானம் பக்கத்துக் கட்டிலுக்கு ஒரு வத்திராயிருப்பு ஆள். தென்னை ஓலை கண்ணில் கீறிவிட்டதாம். டாக்டர் இன்னும் வரவில்லை. நான் பாட்டிலைக் குலுக்கிக்கொண்டிருந்தேன். அப்பா எழுந்து உட்கார்ந்தார்.

"ஏலே தம்பி, வீட்டுல கெடந்த பழைய சொட்டு மருந்து என்னமும் விட்டியா? மறைக்காமச் சொல்லு."

அந்த ஆள் ஃபேனைப் பார்த்தான்.