அவசரப்பட்டு அழித்த பத்தி

அன்புள்ள ச்சுன்-ஹுங் அண்ணனுக்கு,

கடல்தெய்வம் மாஜு அன்னை அருளால் நலம். உங்கள் முதுகுவலி தேவலையா?

இங்கே ஒரு சின்னத் தவறு. தனியாக வாழும் முதியவர்களுக்கு மதிய உணவு அனுப்பும் திட்டத்தின் தரவுத்தளத்தில், முகவரிகளைப் பழைய பத்தியிலிருந்து (column) புதுப் பத்திக்கு மாற்றினேன். மெஷின் மக்கர் பண்ணாமல் ஓட எங்கள் வழக்கப்படி சர்வர்மேல் பச்சை நிற நொறுக்குத்தீனிப் பொட்டலம் வைத்தேன். அதன் காலாவதித் தேதியைக்கூடப் பார்த்தேன். ஓட்டுநர்களின் செயலி இன்னும் பழைய பத்தியைத்தான் படிக்கிறது என்பதைப் பார்க்காமல், அதை அன்றே அழித்துவிட்டேன். யாருக்கும் சாப்பாடு போகவில்லை.

"மெஷினுக்குத் தீனி வச்சிட்டு மனுசங்களப் பட்டினி போட்டுட்டியே, அக்கா!" என்றான் உடன் வேலை செய்யும் லியாவ்.

காப்பு நகலிலிருந்து மீட்டுவிட்டோம். மன்னிப்புக் கேட்கத் தொலைபேசியில் அழைத்தபோது ஒரு பெரியவர், "போகட்டும்மா, நீ சாப்பிட்டியா?" என்றார். சாப்பிட்டிருந்தேன்.

காய்ந்த கணவாய் கொஞ்சம் அனுப்புங்கள். கோயிலில் எனக்காக நீங்களே ஊதுபத்தி ஏற்றுங்கள். அன்னை முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

லியாவ் கூப்பிடுகிறான்.

உங்கள் ஷ்யூ-லான்